நடனக் கூடத்தின் அடியில்

பார்ன்ஸ்லி
9 பிப்ரவரி 1948

மதிப்புக்குரிய மிஸ் கான்யர்ஸ் அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சென்ற ஆண்டு விற்ற எல்டர்விக் மாளிகை இப்போது சுரங்கத் தொழிலாளர்களின் ஓய்வு இல்லமாகப் போகிறது. கரித்தூசியில் நெஞ்சு கெட்டுப்போன நாற்பது பேருக்கு அங்கே கட்டில் போட வேண்டும். அந்தக் கட்டட வேலை என் பொறுப்பு.

வக்கீல் கொடுத்த வரைபடம் உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தது. அதில் இருக்கும் படிக்கட்டு வீட்டில் இல்லை. வீட்டில் இருக்கும் படிக்கட்டு அதில் இல்லை. இரண்டாம் மாடிக் குளியலறையில் பதினோரு முகம் கழுவும் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் வருகிறது, போகிறது. எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை. குழாய் வேலை செய்யும் கிளெக் இரண்டு நாள் தேடிவிட்டு, "இந்த வீடு குடிக்குதுங்க, வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று கையை விரித்துவிட்டார்.

வீட்டில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள் ஒருவர்தான் மிச்சம் என்றார்கள். சில கேள்விகள் கேட்டால் பதில் எழுதுவீர்களா?

பணிவுடன்,
சேத் ஆம்ப்ளர்


ஸ்கார்பரோ
13 பிப்ரவரி 1948

அன்புள்ள திரு. ஆம்ப்ளர்,

கேளுங்கள், கேளுங்கள். இங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. விடுதிக்காரி திருமதி டக்வொர்த் மட்டும் காலையில் "முட்டையா, மீனா?" என்பாள். முட்டை என்றால் மீன் வரும்.

தண்ணீர் ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் போய், பனிக்கட்டி சேமித்து வைத்த பழைய நிலவறையில் விழுகிறது. தொட்டிகளை வைத்தது பட்டாளம். 1940இல் வந்து வீட்டை எடுத்துக்கொண்டார்கள். வடிகாலுக்கு எங்கே தோண்டுவது என்று அந்த மேஜர் என்னைக் கேட்கவில்லை, ரோஜாக்களையும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பிறகு பெண்கள் பள்ளிக்கூடம் வந்தது. அந்தப் பிள்ளைகள் தொட்டிகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கடைசித் தொட்டிக்கு 'ஹெஸ்டர்' என்று பெயர், ஏனென்றால் அதில் எப்போதும் குளிர்ந்த நீர்தான் வரும். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் போரின்போது அது அதிகாரிகளின் ஆஸ்பத்திரி. என் அப்பாவின் படிப்பறையில்தான் காயம்பட்டவர்களின் கால்களை வெட்டி எடுத்தார்கள். அதற்கும் முன்னால் அது வெறும் வீடாக இருந்தது. நாங்கள் நான்கு பேருக்கு ஐம்பத்திரண்டு அறைகள். எது அதிக விசித்திரம் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

இங்கே அறையில் நாளைக்கு ஆறு துண்டு கரிதான் தருவாள். கரிச் சுரங்க முதலாளியின் மகள் கரிக்கு ஏங்குகிறாள் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். நன்றாகச் சிரிப்பார்கள்.

அன்புடன்,
ஹெஸ்டர் கான்யர்ஸ்


பார்ன்ஸ்லி
22 ஏப்ரல் 1948

அன்புள்ள மிஸ் கான்யர்ஸ்,

நீங்கள் சொன்ன இடத்தில் நிலவறை இருந்தது. கிளெக் உங்களைக் கும்பிடாத குறை. நூலகத்தின் போலிக் கதவு, சமையலறைப் புகைபோக்கியின் வளைவு, மழையில் ஒழுகும் மூலை, எல்லாம் நீங்கள் எழுதியபடியே இருந்தன. உங்கள் ஏழு கடிதங்களையும் ஒரு கோப்பில் கட்டி வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் அதற்கு 'வரைபடம்' என்றே பெயராகிவிட்டது.

போன சனிக்கிழமை சுரங்கத் தொழிலாளர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். உங்கள் அம்மாவின் படுக்கையறைக் கூரை ஓவியத்தில் மேகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தேவதைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவர்களில் ஒருவரான ஜாஷ் கேட்டார்: "ஏம்பா, இதுங்களைப் பாத்துக்கிட்டே படுத்தா மூச்சு வாங்குறது குறையுமா, கூடுமா?" மற்றவர் சொன்னார்: "உனக்கெல்லாம் ஜன்னல் பக்கம்தான் கட்டில். உன் பொண்டாட்டி எங்கிட்ட சொல்லியனுப்பிட்டா." தேவதைகளை அழிக்க வேண்டாம் என்று ஒரு மனதாக முடிவாயிற்று.

என் மகள் ஐவி தேர்வில் தேறிவிட்டாள். என் மனைவி நெல்லி இஞ்சிக் கேக் அனுப்பியிருக்கிறாள். சர்க்கரைப் பங்கீட்டில் மிச்சம் பிடித்தது, ஆகவே டக்வொர்த் அம்மாளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவள் கட்டளை.

ஒரு விஷயம். மேற்கே இருக்கும் நடனக் கூடத்தைப் பெரிய வார்டாக்க நினைக்கிறேன். இருபது கட்டில்கள், உயிர்வாயு உருளைகள், எல்லாம் கனம். தரை கொஞ்சம் துள்ளுகிறது. பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது? வேண்டுமானால் நானே இறங்கிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சேத் ஆம்ப்ளர்


ஸ்கார்பரோ
30 ஏப்ரல் 1948

அன்புள்ள சேத்,

வயதில் மூத்தவள் என்ற உரிமையில் பெயர் சொல்லி எழுதுகிறேன். கேக்கைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். ஐவிக்கு என் வாழ்த்து. நான் படித்ததெல்லாம் பிரெஞ்சும் குதிரையேற்றமும்தான். அவள் ஏதாவது உருப்படியாகப் படிக்கட்டும்.

நூலகத்தைப் பெரிய வார்டாக்குங்களேன். தெற்குப் பார்த்த அறை, நாள் முழுக்க வெயில் வரும். நெஞ்சு கெட்டவர்களுக்கு வெயில்தானே வேண்டும்? நடனக் கூடம் குளிர். அது அவசரமாகக் கட்டியது. அதை இடித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

மேல்மாடியில் வௌவால்கள் இருக்கின்றன. ஜூலைக்கு முன் தொந்தரவு செய்யாதீர்கள், குட்டி போடும் காலம்.

அன்புடன்,
ஹெஸ்டர்


பார்ன்ஸ்லி
11 ஜூன் 1948

அன்புள்ள மிஸ் கான்யர்ஸ்,

நூலகம் எட்டுக் கட்டிலுக்குத்தான் காணும். ஆகவே நடனக் கூடத்தின் தரையில் நான்கு பலகையைக் கழற்றி, விளக்கை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை நானே இறங்கினேன்.

நிலம் சரிவாக இருப்பதால் கீழே ஓர் ஆள் தவழும் உயரம். கட்டடக்காரர்கள் அங்கே செங்கல் தூண் வைப்பார்கள், இல்லையென்றால் அறுத்த சட்டம் வைப்பார்கள். அங்கே இருந்தவை உருண்டை மரங்கள். நாலடி உயரம், பட்டை உரித்த பைன் மரம், தலையில் ஆப்பு அடித்து நிறுத்தியிருந்தது. வரிசை வரிசையாக, விளக்கு வெளிச்சம் எட்டிய தூரம் வரைக்கும். கட்டடம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. மண்டியிட்டபடியே நின்றுவிட்டேன். அது ஒரு குழி, மிஸ் கான்யர்ஸ். கரி எடுக்கும் குழியில் கூரையைத் தாங்க வைக்கும் முட்டுமரங்கள் அவை. ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் முக்கோணம் சுட்டிருந்தது.

அந்தக் குறி எனக்குத் தெரியும், உங்கள் அப்பாவுக்குச் சொந்தமான எல்டர்விக் குழியின் முத்திரை. உடைந்த முட்டுகளின் துண்டுகளை அப்பா அடுப்புக்குக் கொண்டுவருவார். எரியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் அப்பா ஜாப் ஆம்ப்ளர். 1909 மார்ச் 17ஆம் தேதி எல்டர்விக் குழியில் கரி வெட்டும் வடக்கு முகப்பில் கூரை சரிந்து இறந்த பதினோரு பேரில் ஒருவர். அந்த முகப்புக்குப் பொறுப்பாளி அவர்தான். போதிய முட்டு வைக்கத் தவறினார் என்று மரண விசாரணையில் எழுதினார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. மற்றப் பத்து வீட்டுப் பெண்களும் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் அம்மா வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு நாங்கள் ஊரைவிட்டே வந்துவிட்டோம்.

நடனக் கூடத்தின் முகப்புக் கல்லில் 1909 என்று இருக்கிறது. மாதம் இல்லை.

உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

சேத் ஆம்ப்ளர்


ஸ்கார்பரோ
2 ஜூலை 1948

அன்புள்ள சேத்,

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். முதலில் எழுதியதில் அப்பாவுக்காக வாதாடினேன். அடுத்ததில் அழுதேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. எனக்காக ஒரு நடன விருந்து, அதற்காகவே அந்தக் கூடம். மார்ச் 12 வெள்ளிக்கிழமை என்று நானூறு அழைப்பிதழ் போய்விட்டது. தரையைத் தாங்க வேண்டிய மரம் வந்த கப்பல் பால்டிக்கில் உறைபனியில் மாட்டிக்கொண்டது. பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள் காலை, குழி முற்றத்திலிருந்து வண்டி வண்டியாக முட்டுமரம் வந்தது. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். "தரை வந்திருச்சு, தரை வந்திருச்சு!" என்று கத்திக்கொண்டு படியில் ஓடினேன். பதினாறு வண்டிகள்.

மார்ச் ஆரம்பத்தில் குழியின் மேற்பார்வையாளர் கார்சைட் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு முன்கூடத்தில் அப்பாவின் எதிரே நின்றார். நான் படிக்கட்டுத் திருப்பத்தில் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"ஐயா, வடக்கு முகப்புல முட்டே இல்லீங்க. ஆம்ப்ளர் தினமும் கேக்கறான். இருக்கறத இடம் மாத்தி மாத்தி வச்சு ஓட்டறான். எத்தனை நாளைக்கு?"

"அடுத்த லோடு பதினஞ்சு நாள்ல வந்துரும், கார்சைட்."

"அதுவரைக்கும் அந்த முகப்ப மூடிரலாங்களா?"

"எதுக்கு மூடணும்? பதினஞ்சு நாள்தானே."

இவ்வளவுதான் பேச்சு. உங்கள் அப்பாவின் பெயரை நான் முதலில் கேட்டது அப்படித்தான். இரண்டு வாரத்தில் மறுபடியும் கேட்டேன், மாதாகோயிலில், பதினோரு பெயர்களில் முதலாவதாக.

நான் அதற்குள் அந்தத் தரையில் விடியும்வரை ஆடியிருந்தேன். நன்றாகத் துள்ளுகிறது என்று எல்லோரும் மெச்சினார்கள்.

விசாரணையில் அப்பா முட்டுக்குப் பஞ்சமே இல்லை என்று சத்தியம் செய்தார். கார்சைட் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் கனடாவுக்குப் போய்விட்டார். நான் அம்மாவின் பக்கத்தில் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் சொல்லவில்லை என்று முப்பத்தொன்பது வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்து நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

பிப்ரவரியில் உங்கள் முதல் கடிதத்தின் அடியில் 'ஆம்ப்ளர்' என்று பார்த்ததும் அதை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். யார்க்‌ஷயரில் எத்தனையோ ஆம்ப்ளர்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். அப்புறம் உங்களைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. நூலகத்தை வார்டாக்கச் சொன்னேனே, அது வெயிலுக்காக அல்ல.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் உங்களைத்தான் சங்கடப்படுத்துவேன்.

ஹெஸ்டர் கான்யர்ஸ்


ஸ்கார்பரோ
16 ஆகஸ்ட் 1948

அன்புள்ள சேத்,

உங்களிடமிருந்து ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் இலை உதிரும் காலம் வருகிறது. நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வடக்குக் கூரைக்கும் மணிக்கூண்டுக்கும் நடுவில் ஓர் ஈயத் தகட்டு வாய்க்கால் ஓடுகிறது. கீழிருந்து பார்த்தால் தெரியாது. அக்டோபருக்குள் அதில் இலையை அள்ளாவிட்டால் தண்ணீர் சுவர் வழியே இறங்கி, தேவதைகள் இருக்கும் அறைக்கு வந்துவிடும். அங்கே படுக்கப்போகிறவர்களுக்கு ஈரம் ஆகாது.

ஐவிக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் என் ஆசியைச் சொல்லுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் சொல்ல வேண்டாம்.

ஹெஸ்டர்


பார்ன்ஸ்லி
5 செப்டம்பர் 1948

அன்புள்ள மிஸ் கான்யர்ஸ்,

வாய்க்காலைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தாயிற்று. ஒரு காக்கைக் கூடும் மூன்று டென்னிஸ் பந்துகளும் இருந்தன.

நான் எழுதாததற்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியாததுதான். சில நாள் உங்கள் மேல் வந்த கோபத்தில் கடிதங்களை மொத்தமாக அடுப்பில் போடலாமா என்று தோன்றியது. வேறு சில நாள், 'சமையலறைச் சுவரில் இந்தக் கம்பி எதற்கு, மிஸ் கான்யர்ஸைக் கேட்கலாம்' என்று பேனாவை எடுத்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து கீழே வைத்தேன். நெல்லி சொன்னாள்: "ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தான் இருக்கணுமா? ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே." அவள் சொன்னது சரி.

கடைசியில், போன ஞாயிறு அம்மாவிடம் போனேன். அம்மாவுக்கு எழுபத்தாறு. கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. உங்கள் கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "ஆம்ப்ளர் தினமும் கேக்கறான்" என்ற இடத்தில் மட்டும் கை நின்றது.

"அத மறுபடி படி."

படித்தேன்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவையும் படித்தேன். அப்புறம் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னை அங்க கூட்டிட்டுப் போ" என்றார்.

என் அம்மா அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்று இருந்தவர். புதன்கிழமை கூட்டிப்போனேன். சாய்தளம் பின்பக்கம்தான் போட்டிருக்கிறோம், அந்த வழியாக வரலாம் என்றேன். "பின்பக்கமாத்தான் போகணும்னா நான் வீட்டுக்கே போயிர்றேன்" என்றார். ஜாஷும் நானும் ஆளுக்கொரு கை பிடித்து, முன்வாசலின் பதினான்கு படியும் ஏற்றினோம்.

நடனக் கூடத்தில் பலகை திறந்திருந்த இடத்தில், தரை விளிம்பில் உட்காரவைத்தோம். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார். குனிந்து, ஒரு முட்டின் தலையைக் கையால் தடவினார். ஆப்பைத் தொட்டார். சுட்ட குறியை விரலால் சுற்றிவந்தார். கிளெக் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லாக் காஞ்ச மரம்" என்றார் அம்மா. "ஒரு முடிச்சு இல்ல. இது தாங்கியிருக்கும்டா, சேத்."

பிறகுதான் அழுதார். அப்பா இறந்தபோது அழுததை நான் பார்த்ததில்லை. குழாயடியில் வாளியை எடுத்துக்கொண்டு போனார்களே, அப்போதும் அழுததில்லை.

முட்டுகளை எடுத்துவிட்டு எஃகுத் தூண் வைக்கலாமா என்று சங்கத்தில் பேச்சு. மரம் இன்னும் நூறு வருடம் நிற்கும் என்பது என் கணிப்பு. ஆனாலும் முடிவை அம்மாவிடமே விட்டார்கள். "எடுக்காதீங்க" என்றார். "இத்தனை நாள் ஆடறவங்களைத் தாங்குச்சு. இனிமேயாவது குழிக்காரனைத் தாங்கட்டும்."

உங்களைப் பற்றியும் பேசினார். வண்டியில் திரும்பும்போது, நான் கேட்காமலே. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அந்தப் பொண்ணு எழுதிட்டா, சரி. காயிதத்துல எழுதறது சுலபம். பத்துப் பொம்பளைங்க எங்கிட்ட மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அதுல நாலு பேரு இன்னும் உசிரோட இருக்காங்க. மத்தவங்க புள்ளைங்க இருக்காங்க. எல்லாரையும் திறப்பு விழாவுக்குக் கூப்பிடு. அவளையும் வரச் சொல்லு. அந்தத் தரை மேலயே வச்சு, எல்லாரும் கேக்கற மாதிரி அவ வாயால சொல்லட்டும். என்னால ரொம்ப நேரம் நிக்க முடியாது, அவளுக்கும் வயசாகியிருக்கும். நாற்காலி ரெண்டு போட்டு வை, பக்கத்துல பக்கத்துல."

திறப்பு விழா 16ஆம் தேதி வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு. நீங்கள் வராவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். வந்தால் எனக்குச் சந்தோஷம். இதை எழுதத்தான் இத்தனை வாரம் ஆயிற்று.

அன்புடன்,
சேத்


ஸ்கார்பரோ
8 செப்டம்பர் 1948

அன்புள்ள சேத்,

வியாழக்கிழமை பதினொன்று இருபது வண்டியில் வந்து சேருகிறேன். நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். வழி எனக்குத் தெரியும், நடந்தே வந்துவிடுவேன். முன்வாசல் படியேறி வர எனக்கு அனுமதி உண்டா என்று மட்டும் உங்கள் அம்மாவைக் கேட்டு வையுங்கள். இல்லையென்றால் பின்பக்கமாக வருகிறேன்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். முதலில் ஒரு நாற்காலி போதும், அது அவருக்கு. நான் சொல்ல வேண்டியது நின்றுகொண்டு சொல்ல வேண்டியது. சொல்லி முடித்த பிறகு அவர் உட்காரச் சொன்னால், உட்காருகிறேன்.

அன்புடன்,
ஹெஸ்டர்